முட்டுக்கட்டைக்கு ஒரு வக்காலத்து

‘முட்டுக்கட்டை போடுகிறான்’ என்று ஒருவனைப் பற்றிச் சொன்னால் அது வசை. நல்ல காரியத்தைக் கெடுக்கிறவன், பிறர் முன்னேறுவதைப் பொறாதவன் என்று அர்த்தம். இந்தச் சொல்லுக்கு இப்படி ஓர் அர்த்தத்தைக் கொடுத்தவர் யாரோ, அவர் தம் வாழ்நாளில் ஒரு தேரோட்டத்தைக்கூடக் கவனித்துப் பார்த்திருக்க மாட்டார் என்பது என் அபிப்பிராயம். வடம் பிடிக்கிற ஆயிரம் பேருக்கும் தேரை முன்னால் இழுக்கத்தான் தெரியும். நிறுத்தத் தெரியாது, திருப்பவும் தெரியாது. சக்கரத்தை ஒட்டினாற்போல நடந்து, சரியான நொடியில் சரியான சக்கரத்தின் அடியில் கட்டையைச் செருகுகிறவன்தான் தேரைத் தெருவில் வைத்திருக்கிறான். வீதி முனையில் அதைத் திருப்புகிறவனும் அவனே. அவன் இல்லாவிட்டால் தேர் யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணைக்குள் புகுந்துவிடும். திருவாரூர்த் தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் பொருத்திய பிறகும் முட்டுக்கட்டைக்காரர்களை யாரும் வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை.

நான் இங்கே வக்காலத்து வாங்க வந்திருப்பது தேரோடு நடக்கிறவர்களுக்காக அல்ல. கம்ப்யூட்டர் நெட்வொர்க்குகளைக் காத்து நிற்கிற முட்டுக்கட்டைக்காரர்களுக்காக. ஒரு மாறுதல் செய்யப் போகும்போது, “கொஞ்சம் பொறுங்கள். இது தவறிப் போனால் பழைய நிலைக்குத் திரும்பி வர வழி என்ன?” என்று கேட்கிற ஒருவர் அநேகமாக எல்லாக் கம்பெனிகளிலும் இருக்கிறார். அவரை யாருக்கும் பிடிப்பதில்லை. கூட்டத்தில் அவர் வாயைத் திறந்தாலே மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். அவருடைய கேள்விக்குப் பதில் சொல்லாமலே கையெழுத்துப் போட்டதால் உலகத்தில் என்னென்ன நடந்திருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நாவல் எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். கேட்பவரைத் திருப்பி ஒன்று கேட்கிறேன். நள்ளிரவில் உங்கள் தாயாருக்கு மார்பு வலிக்கிறது. டெலிபோனை எடுக்கிறீர்கள். அது போகவில்லை. அந்த நிமிஷத்தில் நெட்வொர்க் என்பது என்ஜினீயர்களின் சொந்த விஷயமா? மனிதர்களுடைய சுகதுக்கத்தைத் தொடுகிற எதையும் பற்றிப் பேச எழுத்தாளனுக்கு உரிமை உண்டு.

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம். நாம் அனுப்புகிற கடிதம், படம், பேச்சு எல்லாம் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து போகின்றன. வழியெல்லாம் ரவுட்டர் என்ற இயந்திரங்கள் முச்சந்திக்கு முச்சந்தி உட்கார்ந்துகொண்டு, “நீ இந்தப் பக்கம் போ, நீ அந்தப் பக்கம் போ” என்று கைகாட்டுகின்றன. எந்த ரவுட்டருக்கும் உலகம் முழுவதும் தெரியாது. மற்ற ரவுட்டர்கள் தெரிவித்த செய்தியை நம்பித்தான் அது வழி சொல்கிறது. ஒரு தெரு அடைபட்டாலும், புதுத் தெரு ஒன்று திறந்தாலும், அந்தச் செய்தி ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குப் பரவ வேண்டும். பரவி முடிகிற வரைக்கும் உள்ள அந்தச் சிறு பொழுதுதான் ஆபத்தான பொழுது. சில ரவுட்டர்கள் பழைய வரைபடத்தை வைத்து வழி சொல்கின்றன. சில புதியதை வைத்துச் சொல்கின்றன. முதலாவது இரண்டாவதிடம் அனுப்புகிறது. இரண்டாவது முதலாவதிடமே திருப்பி அனுப்புகிறது. கையில் ஒரு மனுவோடு சர்க்கார் ஆபீசில் மேஜைக்கு மேஜை அலைந்தவர்களுக்கு இந்த நிலையை நான் விளக்க வேண்டியதில்லை.

இன்டர்நெட்டை அமைத்த பெரியவர்கள் இதை முன்னமேயே அறிந்திருந்தார்கள். ஆகவே ஒவ்வொரு பொட்டலத்தின் தலைப்பிலும் ஓர் எண்ணை எழுதி வைத்தார்கள். கடந்து போகிற ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். எண் பூஜ்யமானதும் பொட்டலத்தைத் தூக்கி எறிந்துவிடும். வழி தெரியாத பொட்டலம் யுகயுகமாகச் சுற்றிக்கொண்டு மற்றவற்றின் வழியை அடைக்கக் கூடாதல்லவா? இதுவும் ஒரு முட்டுக்கட்டைதான். தவறு நடக்கவே நடக்காது என்று மார்தட்டுகிறவர்கள் இதைச் செய்திருக்க முடியாது. நடக்கும் என்று ஒப்புக்கொண்டு, நடந்தால் என்ன செய்வது என்று யோசித்தவர்கள் செய்த வேலை இது.

இந்த அடக்கம் அவர்களோடு போய்விட்டது போலிருக்கிறது. இன்று நான் காண்பது இரண்டு கட்சிகளை. முதல் கட்சியின் வேதம், ‘ஓடுகிறதைத் தொடாதே’ என்பது. இரண்டாம் கட்சியின் வேதம், ‘இதுவரை ஒன்றும் ஆகவில்லையே, மேலே போ’ என்பது. இரண்டும் ஒன்றுக்கொன்று பகை போலத் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரண்டு முகங்கள்.

முதல் கட்சிக்காரர்களுக்கு நான் பாஸ்டன் நகரத்துக் கதையைச் சொல்வேன். அங்கே பெத் இஸ்ரேல் டீக்கனஸ் என்று ஒரு பெரிய ஆஸ்பத்திரி. 2002 நவம்பரில் அதன் நெட்வொர்க் ஏறக்குறைய நான்கு நாட்கள் நிலைகுலைந்து கிடந்தது. எதிரி யாரும் புகவில்லை. ஆஸ்பத்திரிகள் ஒன்றோடொன்று இணைந்தபோது அவற்றின் நெட்வொர்க்குகளும் ஒட்டுக்கு மேல் ஒட்டாக இணைக்கப்பட்டிருந்தன. செய்திகள் வட்டமடிக்காமல் காப்பதற்கு ஸ்பானிங் ட்ரீ என்று ஓர் ஏற்பாடு உண்டு. அது தாங்கக்கூடிய எல்லைக்கு மேல் நெட்வொர்க் நீண்டுவிட்டது. ஒருநாள் பாரம் கூடியது, காவல் தோற்றது, செய்திகள் வட்டமடிக்கத் தொடங்கின. டாக்டர்கள் மறுபடியும் காகிதத்தை எடுத்தார்கள். பரிசோதனை முடிவுகளை ஆட்கள் கையில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த ஆஸ்பத்திரியின் தகவல் துறைத் தலைவர் ஜான் ஹலாம்கா இதை மூடி மறைக்காமல் ஊரறியச் சொன்னார். அதற்காக அவரை நான் மதிக்கிறேன். தொடாமல் வைத்த நெட்வொர்க் அப்படியே இருக்கும் என்று நினைப்பது பிரமை. நீங்கள் தொடாவிட்டாலும் அது வளர்கிறது, ஒட்டுப் போடப்படுகிறது, கிழடாகிறது. மாறுதல் எப்படியும் நடக்கிறது. அதை நீங்கள் நடத்துகிறீர்களா, அது உங்களை நடத்துகிறதா என்பதுதான் கேள்வி.

இரண்டாம் கட்சிதான் இன்று அதிகாரத்தில் இருப்பது. ஆகவே அதனிடம்தான் எனக்குப் பெரிய சண்டை.

கனடா தேசத்தில் ராஜர்ஸ் என்று ஒரு டெலிபோன் கம்பெனி. தன் நெட்வொர்க்கின் நடுநாயகமான பகுதியை ஏழு கட்டங்களாகப் புதுப்பிக்க அது திட்டமிட்டது. தொடக்கத்தில் இந்த வேலையின் அபாயம் ‘அதிகம்’ என்றே குறித்திருந்தார்கள். ஐந்து கட்டங்கள் ஒழுங்காக முடிந்தன. அபாயத்தைக் கணக்கிடுவதற்கு அவர்களிடம் ஒரு கணக்கு முறை இருந்தது. ‘முன்னே செய்ததெல்லாம் நன்றாக முடிந்ததே’ என்று பார்த்து, ஆறாவது கட்டத்தின் அபாயம் ‘குறைவு’ என்று அது எழுதிவிட்டது. 2022 ஜூலை 8-ஆம் தேதி விடியற்காலையில் ஆறாவது கட்டம் நடந்தது. ரவுட்டர்களில் ஒரு வடிகட்டி இருந்தது. வெளியிலிருந்து வருகிற வழித்தகவல் வெள்ளமாக உள்ளே பாயாமல் நிறுத்தி வைப்பது அதன் வேலை. அதை எடுத்துவிட்டார்கள். வெள்ளம் பாய்ந்தது. நடுவிலிருந்த பெரிய ரவுட்டர்கள் மூழ்கின. ஒரு கோடியே இருபது லட்சம் பேருக்கு மேல் தொடர்பு இழந்தார்கள். தேசம் முழுவதும் கடைகளில் வங்கி அட்டைகளால் பணம் கட்ட முடியாமல் ஜனங்கள் திகைத்தார்கள். எல்லாம் பழையபடி ஆவதற்கு ஒரு நாளுக்கு மேல் பிடித்தது.

ஐந்து படி ஏறியவன் ஆறாவது படியைப் பார்க்காமல் காலை வைக்கலாம் என்று எந்தப் பைத்தியக்காரனாவது சொல்வானா? ஒரு கணக்கு முறை சொன்னது, மனிதர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஐந்தாவது கட்டத்துக்கும் ஆறாவதற்கும் என்ன சம்பந்தம்? செய்கிற வேலை வேறு, தொடுகிற இடம் வேறு. முன்னே தப்பித்தது பின்னே தப்பிப்பதற்குச் சாட்சி ஆகாது. சூதாட்டக்காரன்தான் அப்படி நினைப்பான். அந்த முறை ‘குறைவு’ என்று எழுதியபோது, “அந்த வடிகட்டி அங்கே எதற்காக இருக்கிறது? எடுத்தால் என்ன வரும்?” என்று ஒரு முட்டுக்கட்டைக்காரர் எழுந்து கேட்டிருக்க வேண்டும். கேட்பதற்கு அவருக்கு ஓர் இடம் இருந்திருக்க வேண்டும். அபாயம் குறைவு என்ற முத்திரை விழுந்ததும் அந்த இடம்தான் முதலில் காலியாகிறது.

இதைவிட மோசமான சங்கதி இனிமேல்தான் வருகிறது. நெட்வொர்க் படுத்ததும் அதைத் தூக்கி நிறுத்த வேண்டிய என்ஜினீயர்களும் அதே நெட்வொர்க்கின் வழியாகத்தான் இயந்திரங்களை அடைய வேண்டியிருந்தது! இயந்திரங்கள் எழுதி வைத்திருந்த குறிப்புகளைப் பார்க்கக்கூட அவர்களால் முடியவில்லை. காரணம் இன்னதென்று அறியவே பல மணி நேரம் ஆயிற்று. ஒருவரோடொருவர் பேசுவதற்கு வேறு கம்பெனிகளின் சிம் கார்டுகளைத் தேட வேண்டியதாயிற்று. கிணற்றுக்குள் விழுந்தவனைத் தூக்குகிற கயிற்றை அவன் இடுப்பிலேயே சுற்றி அவனோடு உள்ளே இறக்கிய கதைதான் இது.

அவசரத்துக்கு 911 என்று அழைத்தவர்களின் நிலையைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. கம்பெனியின் கோபுரங்கள் மட்டும் உயிரோடு இருந்தன. ஆகவே கைபேசிகள், ‘நம் கம்பெனி இருக்கிறது’ என்று நம்பி, வேறு கம்பெனியின் வழியைத் தேடாமல் அதையே பற்றிக்கொண்டு நின்றன. வாசலில் விளக்கு எரிகிறது, கதவு திறந்திருக்கிறது, உள்ளே வீடே இல்லை. அந்தக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றவர்களில் நெருப்பைக் கண்டவரும் நோயாளியோடு இருந்தவரும் இருந்திருப்பார்கள் அல்லவா?

இது ஏதோ ஒரு கம்பெனியின் தலையெழுத்து என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன்புதான், 2021 அக்டோபர் 4-ஆம் தேதி, ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் ஒரே சமயத்தில் சுமார் ஆறு மணி நேரம் உலகத்தை விட்டே மறைந்தன. தன் முதுகெலும்பான பெருவழிகளில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து பார்க்கக் கொடுத்த ஒரு கட்டளை, அந்தப் பெருவழிகள் எல்லாவற்றையுமே அறுத்துவிட்டது. இப்படிப்பட்ட கட்டளைகளைப் பரிசோதித்துத் தடுக்க ஒரு கருவி இருக்கத்தான் செய்தது. அந்தக் கருவியிலேயே பிழை, தடுக்கவில்லை. பெருவழி அறுந்ததைக் கண்டு, பெயர்களுக்கு விலாசம் சொல்கிற சர்வர்கள் தங்களையும் விலக்கிக்கொண்டன. சர்வர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவை இருக்குமிடம்தான் உலகத்துக்குத் தெரியவில்லை. தூரத்திலிருந்து சரிப்படுத்தும் சாதனங்களும் அதே வலையில் இருந்ததால் ஆட்களை நேரில் அனுப்பினார்கள். எவரும் எளிதில் புக முடியாதபடி கட்டிய கட்டடங்கள் அவை. சொந்த ஆட்களையும் எளிதில் விடவில்லை. ஒன்றை மட்டும் அவர்கள் பக்கம் சொல்ல வேண்டும். பேரிடர் வந்தால் எப்படி எழுந்து நிற்பது என்று முன்பே ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்கள். வழி திறந்த பிறகு எல்லாவற்றையும் நிதானமாக மீட்க அந்த ஒத்திகைதான் கைகொடுத்தது. ஆனால் முதுகெலும்பு முழுவதும் அறுந்து போவதை மட்டும் அவர்கள் ஒருநாளும் ஒத்திகை பார்த்திருக்கவில்லை.

இங்கே ஒரு புத்திசாலி என்னை மடக்க வருவார். “முட்டுக்கட்டை, முட்டுக்கட்டை என்கிறீரே, முட்டுக்கட்டையே தேரைக் கவிழ்த்த கதை தெரியுமா?” என்பார். தெரியும். 2023 நவம்பர் 8-ஆம் தேதி ஆஸ்திரேலியாவில் ஆப்டஸ் கம்பெனியின் நெட்வொர்க் விழுந்தது. வெளிநாட்டு இணைப்பு ஒன்றில் சாதாரணமாக நடந்த ஒரு புதுப்பித்தலுக்குப் பிறகு வழித்தகவல்கள் பெருகி வந்தன. குறிப்பிட்ட அளவுக்கு மேல் வந்தால் தன்னைத் தானே துண்டித்துக்கொள் என்று ரவுட்டர்களில் ஒரு வரம்பு வைக்கப்பட்டிருந்தது. சுமார் 90 ரவுட்டர்கள் அப்படியே செய்தன. சுமார் ஒரு கோடிப் பேருக்குத் தொடர்பு போயிற்று. அங்கேயும் அவசர அழைப்புகள் பல போய்ச் சேரவில்லை. பல இடங்களில் ஆட்கள் நேரில் போய் இயந்திரங்களை மீட்க வேண்டியிருந்தது.

இது என் கட்சிக்கு விரோதமான சாட்சியா? இல்லை. அந்த வரம்பு, இயந்திரத்தைச் செய்து விற்ற கம்பெனி பொதுவாக வைத்து அனுப்பியது. இந்தத் தெருவுக்கு, இந்தத் தேருக்கு இது பொருந்துமா என்று பார்த்து வைத்தது அல்ல. சக்கரத்தடியில் எவரோ எப்போதோ ஒரு கட்டையைப் போட்டுவிட்டுப் போவதற்குப் பெயர் முட்டுக்கட்டை போடுவது அல்ல. கனடாவில் பெரிய ரவுட்டர்களுக்கு வரம்பே இல்லை, மூழ்கின. ஆஸ்திரேலியாவில் வரம்பு இருந்தது. அது எவ்வளவு, விழுந்தால் என்ன ஆகும் என்று முன்கூட்டிப் பார்த்தவர் இல்லை. இரண்டு இடத்திலும் குறைந்தது ஒன்றுதான்: சக்கரத்தோடு கூடவே நடக்கிற மனிதன்.

“இதெல்லாம் நடக்கிற காரியமா? இத்தனை ஜாக்கிரதை பார்த்தால் எந்த மாறுதலும் நடக்காது” என்கிறார்கள். நடந்திருக்கிறது. இன்டர்நெட்டின் தாயான ஆர்ப்பாநெட், தான் பேசுகிற பாஷையையே மாற்றிக்கொண்ட கதை இவர்களுக்குத் தெரியாதா? என்.சி.பி. என்ற பழைய முறையிலிருந்து இன்று உலகமெல்லாம் வழங்கும் டி.சி.பி./ஐ.பி. முறைக்கு மாறுவதற்கு நாள் குறித்தார்கள்: 1983 ஜனவரி 1. திட்டத்தை ஜான் போஸ்டல் 1981 நவம்பரிலேயே எழுதி எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டார். 1982-இல் இரண்டு முறைகளும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. அந்த வருஷத்தின் நடுவில் ஒருநாள் பழைய முறையை வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தார்கள். யார் யார் தயாராகவில்லை என்பது அன்று வெட்டவெளிச்சமாயிற்று. பிறகு மறுபடியும் திறந்துவிட்டார்கள். சில மாதம் கழித்து இரண்டு நாட்கள் நிறுத்தினார்கள். குறித்த நாள் வந்தபோதும் சிரமம் இல்லாமல் இல்லை. அந்த மாறுதலில் பிழைத்து வந்தேன் என்று எழுதிய சட்டைப் பொத்தான்களை என்ஜினீயர்கள் குத்திக்கொண்டார்கள். ஆனால் எவருக்கும் அது இடி விழுந்தாற்போல வரவில்லை. வருவது இன்னது என்று ஒத்திகையில் பார்த்துவிட்டார்களே!

அதற்கு முப்பது வருஷம் கழித்து, 2012-இல், கார்னெல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மாறுதல் நடக்கும்போது எந்தப் பொட்டலமும் முழுக்கப் பழைய விதிப்படி போக வேண்டும், அல்லது முழுக்கப் புதிய விதிப்படி போக வேண்டும்; பாதி அது, பாதி இது என்று ஆகக் கூடாது என்றார்கள். அதற்கு வழியும் காட்டினார்கள். முதலில் உள்ளே இருக்கிற இயந்திரங்களில் புதிய விதிகளை, பழையவற்றைக் கலைக்காமல், பக்கத்திலேயே எழுதி வைத்துவிட வேண்டும். பிறகு நுழைவாயிலில் வருகிற பொட்டலங்களுக்குப் புது முத்திரை குத்தத் தொடங்க வேண்டும். பழைய முத்திரையோடு போன கடைசிப் பொட்டலம் போய்ச் சேர்ந்த பிறகுதான் பழைய விதியை அழிக்க வேண்டும். புதுப் பாலம் கட்டி, அதில் வண்டி ஓடிய பிறகு பழைய பாலத்தை இடி என்பதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது? எந்தக் கிராமத்துக் கொத்தனாருக்கும் தெரிந்த நியாயம் இது. இடத்தையும் இயந்திரத்தையும் சில நாள் இரட்டிப்பாக வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தச் செலவுக்குத்தான் நிர்வாகிகளின் கை நடுங்குகிறது.

செலவு செய்ய மனமில்லாதவர்களுக்கு ஒரு மலிவான மருந்து கைவசம் இருக்கிறது. அதன் பெயர் ‘மனிதத் தவறு’. நெட்வொர்க் விழுந்த மறுநாள் இந்த இரண்டு சொல் அறிக்கையில் வந்துவிடும். யாரோ ஒரு பையன் தவறான கட்டளையைத் தட்டிவிட்டான், விசாரணை நடக்கிறது. என் நண்பர் ஒருவருடைய மகன் இந்த வேலையில் இருக்கிறான். பகலெல்லாம் ஆபீஸ் போய்விட்டு, ஊர் உறங்குகிற நேரமாகிய இரவு இரண்டு மணிக்கு மறுபடியும் உட்கார்ந்து மாறுதல் செய்கிறான். ஒருமுறை கூட்டத்தில், “இதை இரண்டு நாள் தனி இடத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் செய்யலாமே” என்றானாம். “தம்பி, நீ எதற்கும் முட்டுக்கட்டை போடாதே” என்று பதில் வந்ததாம். அவன் வாயை மூடிக்கொண்டான். நாளை ஏதாவது விழுந்தால் அறிக்கையில் மனிதன் என்று வரப்போவது இவன்தான். “தம்பி” என்று சொன்ன பெரிய மனிதர் அந்த அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறவராக மட்டும் இருப்பார்.

தவறு செய்வது மனித சுபாவம். அதைக் கண்டுபிடிக்க விசாரணைக் கமிஷன் வேண்டாம். ஒரு விரல் பிசகினால் ஒரு தேசம் ஊமையாகிவிடும்படி நெட்வொர்க்கை அமைத்தவன் யார், அதற்கு ஒப்புதல் தந்தவன் யார் என்பதைக் கண்டுபிடிக்கத்தான் விசாரணை வேண்டும். ஆஸ்திரேலியாவில் அந்த நவம்பர் முடிவதற்குள் கம்பெனியின் தலைவரே பதவியை விட்டு விலகினார். ஒருவர் விலகியதால் வலை பலப்பட்டுவிடாது என்பது வாஸ்தவந்தான். ஆனால் பொறுப்பு எந்த உயரத்தில் குடியிருக்கிறது என்பதையாவது அது ஊருக்குக் காட்டியது.

நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. நெட்வொர்க்கைச் சரிப்படுத்துகிற வழி, நெட்வொர்க்கைச் சாராத வேறு வழியாக இருக்கட்டும். மாறுதலை ஊரின் ஒரு மூலையில் செய்து பார்த்துவிட்டுப் பிறகு ஊர் முழுவதும் செய்யட்டும். திரும்பி வருகிற வழியைக் காகிதத்தில் எழுதினால் போதாது. ஒருமுறை அதில் நடந்து பார்க்கட்டும். எதையும் எடுப்பதற்கு முன், அது எதற்காக அங்கே வைக்கப்பட்டது என்று தெரிந்தவரைக் கேட்கட்டும். இவற்றுக்கு ஆகும் செலவை ஜனங்களுடைய மாதக் கட்டணத்தில் கம்பெனிகள் ஏற்கெனவே வாங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

இவையெல்லாம் நடக்க வேண்டுமானால், இல்லை என்று சொல்கிற அதிகாரம் ஒருவருக்கு இருக்க வேண்டும். யோசனை சொல்கிற உரிமை அல்ல, நிறுத்துகிற அதிகாரம். அந்த இரவு இரண்டு மணிக்குத் தனியே உட்கார்ந்திருக்கிற பையன், “எனக்குத் திருப்தியில்லை, இன்றைக்கு வேண்டாம்” என்று சொல்லி எழுந்து போனால், மறுநாள் அவன் உத்தியோகத்துக்கு ஆபத்து வரக் கூடாது. எந்தக் கம்பெனியில் அவன் அப்படி எழுந்து போக முடிகிறதோ, அந்தக் கம்பெனியின் டெலிபோனை நம்பி என் தாயாரை வீட்டில் விட்டுவிட்டு நான் வெளியூர் போவேன். மற்றக் கம்பெனிகளின் விளம்பரத்தில் எத்தனை நட்சத்திரங்கள் சிரித்தாலும் எனக்கு அந்த நம்பிக்கை வராது.